விற்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

2023 ஜனவரி 11 அன்று பாங்காக்கிலிருந்து வந்திறங்கிய சில பெட்டிகளை எடுத்துச் செல்ல சென்னை விமான நிலையத்தில் யாரும் வரவில்லை. சுங்கத் துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே 45 பால் பைத்தான் மலைப்பாம்புகள், 8 சோளப் பாம்புகள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் உடைமைகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2019 பிப்ரவரியில், பாங்காக்கிலிருந்து வந்த இன்னொருவரின் பெட்டிக்குள் பிறந்து ஒரு மாதமே ஆன சிறுத்தைக் குட்டி கிடந்தது. அதன் எடை ஒரு கிலோவும் கொஞ்சமும்.

தங்கம் சுமந்துவந்த 'குருவி'கள் இப்போது பாம்பும் குரங்கும் சுமக்கிறார்கள் என்றால், இங்கே வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்றுதான் பொருள். வாங்குபவர் பெரும்பாலும் குற்ற எண்ணம் உள்ளவர் அல்லர். ரீல்ஸில் ஓர் இளைஞரின் தோளில் இக்வானா என்ற ஓணான் வகை உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கல்லூரி மாணவராக இருக்கலாம். மகளின் பிறந்தநாளுக்கு எல்லோரும் தரும் நாய்க்குட்டி வேண்டாம், வித்தியாசமாக ஏதாவது தருவோம் என்று நினைத்த தகப்பனாராக இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் படம் வருகிறது, ஜிபேயில் முன்பணம் போகிறது, இரண்டு நாளில் பார்சல் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. இந்த மூன்று படிகளுக்கு இடையில் யாரும் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

'வாங்கும் முன் யோசியுங்கள்' என்று வாங்குபவருக்கு அறிவுரை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரு விலங்கு எத்தனை ஆண்டு வாழும், என்ன தின்னும், நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்பதையெல்லாம் ஆசையில் நிற்கும் ஒருவர் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவைத்திருப்பது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். அந்தக் கேள்விகள் என்னென்ன என்று முதலில் பார்ப்போம். அவற்றை யார் கேட்க வேண்டும் என்பது பிறகு தெளிவாகும்.

'ரொம்ப சாது சார்'

விற்பவர் முதலில் தரும் உறுதிமொழி, "ரொம்ப சாது சார், கடிக்கவே கடிக்காது" என்பது. பால் பைத்தான் விஷயத்தில் அது முழுப் பொய்யும் அல்ல. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் பாம்பு அது. ஆபத்து என்று தோன்றினால் தலையை நடுவில் மறைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். கையில் எடுத்ததும் அது அசையாமல் அடங்கியிருப்பதைப் பார்த்து 'என்னிடம் பழகிவிட்டது' என்று மகிழ்கிறோம். பாம்போ தன்னைத் தூக்கியது எப்போது விழுங்கும் என்று காத்திருக்கிறது.

இணையத்தில் பரவிய 'ஸ்லோ லோரிஸ்' வீடியோக்கள் இன்னும் மோசமான கதை. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்தத் தேவாங்கு வகை, கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொள்ளும். இன்னும் மூட்டு என்று கேட்பதாகப் பார்த்தவர்கள் கொஞ்சினார்கள். உண்மையில் அது தற்காப்பு நிலை. முழங்கையின் உட்பக்கம் உள்ள சுரப்பியை வாயருகே கொண்டுவருவதற்காகக் கையைத் தூக்குகிறது. அந்தச் சுரப்பும் எச்சிலும் சேர்ந்தால் நஞ்சு. கடிக்காமல் இருக்க வேண்டும் என்று விற்பவர்கள் அதன் பற்களைக் கட்டிங்பிளேயரால் வெட்டிவிடுவதும் உண்டு. 2007 முதல் இதன் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இதன் உறவினமான நம் ஊர்த் தேவாங்குக்காக, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் நாட்டின் முதல் தேவாங்குச் சரணாலயத்தை 2022-ல் அறிவித்த மாநிலம் இது. இங்கிருந்துகொண்டு அந்த வீடியோக்களுக்கு இதயக்குறி போடுவது நமக்குப் பொருந்தவில்லை.

நாயும் பூனையும் மாடும் ஆடும் நம்மோடு இருப்பது பல்லாயிரம் ஆண்டு உறவு. அது ஒரு தனி விலங்கைக் குட்டியிலிருந்து பாலூட்டி வளர்த்ததால் வந்ததல்ல. 1959-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயேவ் என்ற மரபியலாளர் வெள்ளி நரிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு குறைவாக அஞ்சும் குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தார். சில தலைமுறைகளில் மனிதரைப் பார்த்து வாலாட்டும் நரிகள் பிறந்தன. பழக்கத்தால் ஒரு காட்டு விலங்கு நம்மைப் பொறுத்துக்கொள்ளலாம். நம்மோடு வாழ்வதையே இயல்பாகக் கொள்வது தலைமுறைத் தேர்வில் வருவது. ஆஸ்திரேலியக் காட்டுப் பிராணியான சுகர் கிளைடரும் இக்வானாவும் மார்மோசெட்டும் அந்தப் பாதையில் இன்னும் கால் வைக்கவே இல்லை. கூண்டில் பிறந்தவை என்பதால் அவற்றின் தேவைகள் மாறிவிடுவதில்லை.

அதற்கு எத்தனை வயது, உங்களுக்கு எத்தனை?

நாய் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அதை வைத்தே எல்லா விலங்குகளையும் மனக்கணக்குப் போட்டுவிடுகிறோம். சுகர் கிளைடர் உள்ளங்கையளவுதான், ஆனால் அதுவும் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. பால் பைத்தான் நன்றாகக் கவனித்தால் 20, 30 ஆண்டுகள் இருக்கும். சிவப்புக்காது ஆமைக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40 முதல் 60 ஆண்டுகள். மக்கா கிளியும் அப்படியே. பத்து வயது மகளுக்குப் பரிசாக வாங்கிய சாம்பல் கிளி, அவள் பணி ஓய்வு பெறும் நாளிலும் உயிரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

இடையில் என்னென்ன நடக்கும் என்று நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். பிளஸ் டூவில் 'இந்த வருஷம் அதெல்லாம் வேண்டாம்' என்பார்கள். பிறகு விடுதி, பெங்களூரில் வேலை, கல்யாணம், அமெரிக்கா. கடைசியில் கிளியும் கூண்டும் மாம்பலத்திலோ மேட்டுப்பாளையத்திலோ மூட்டுவலியோடு இருக்கும் பெற்றோரிடம் வந்து சேரும். கூட்டமாகப் பறந்து, நாள் முழுக்கக் குரல் கொடுத்து, இணையோடு வாழும் பறவை அது. மூன்று வயதுக் குழந்தையின் புத்திக்கூர்மை அதற்கு உண்டு என்று ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். தனியே விடப்பட்டால் தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிப் போடத் தொடங்கும். கழுத்துக்குக் கீழே உரித்த கோழிபோல் நிற்கும் சாம்பல் கிளியை ஒருமுறை நேரில் பார்த்தவருக்கு வாங்கும் ஆசை வராது. காட்டிலிருந்து பிடித்து விற்றே இந்த இனத்தை நாசமாக்கியதால், 2017 முதல் இதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது.

எனவே முதல் கேள்வி, 'இதை நான் நேசிப்பேனா' என்பது அல்ல. எனக்குப் பின் இதை யார் வைத்திருப்பார், அவர் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டாரா என்பதே முதல் கேள்வி.

விளக்கு எரிகிறது, வெளிச்சம் இல்லை

கடையில் பார்க்கும் பச்சை இக்வானா ஒரு சாணுக்குச் சற்று நீளம். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கிளையில் ஒட்டிக்கொண்டு அழகாக இருக்கும். மத்திய, தென் அமெரிக்காவின் மரங்களில் வாழும் இந்தப் பிராணி, வாலோடு சேர்த்து ஐந்து அடிக்கு மேல் வளரும். அப்போது அதற்குத் தேவைப்படுவது தொட்டி அல்ல, ஓர் அறை.

அறை கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இக்வானாவுக்கு உடல் வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும். அறையின் ஒரு மூலை முப்பது டிகிரிக்கு மேல் சூடாகவும், மறு மூலை குளுமையாகவும் இருந்தால்தான், வேண்டியபோது நகர்ந்து உடலைச் சரிசெய்துகொள்ளும். நாம் ஏசி போட்டுத் தூங்கும் அறையில் தின்ற இலை அதன் வயிற்றில் செரிக்காமல் கிடக்கும். அடுத்தது புறஊதாக் கதிர். வெயிலில் உள்ள யுவி-பி கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடலில் வைட்டமின் டி-3 உருவாகும். அது இருந்தால்தான் தின்னும் இலையிலுள்ள கால்சியம் எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். தனி விளக்கு வேண்டும். அந்த விளக்கில் இன்னொரு சிக்கல். ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதன் புறஊதாக் கதிர் தேய்ந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் குறையாது. விளக்கு எரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். தாடை ரப்பர்போல் மெத்தென்று ஆகும். கால் வீங்கும், கொழுகொழுவென்று வளர்கிறது என்று நினைப்போம். ஒருநாள் கிளையிலிருந்து இறங்கும்போது எலும்பு முறியும்.

சுகர் கிளைடருக்கும் இதே கால்சியம்தான் எமன். ஆஸ்திரேலியா, நியூ கினி காடுகளில் மரப்பிசினும் தேனும் பூச்சியும் தின்று கூட்டமாக வாழும் இரவுப் பிராணி அது. நாம் வாழைப்பழமும் ஆப்பிளும் மட்டும் கொடுத்து வளர்க்கிறோம். பின்னங்கால்கள் செயலிழந்து இழுத்துக்கொண்டு போகும்போதுதான் ஏதோ கோளாறு என்று தெரிகிறது. நாம் தூங்கும் நேரத்தில் அது விழித்திருக்கும். நாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்கும் பகலில் அதற்குத் தூக்கம் கெடும்.

பாம்பு வாங்குபவர்கள் தீனியைப் பற்றி யோசிப்பதே இல்லை. வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு எலி. உயிருள்ள எலியைப் போட்டால் அது திருப்பிக் கடித்துப் பாம்பைக் காயப்படுத்தும் என்பதால், உறையவைத்த எலியை உருக்கிக் கொடுப்பதே முறை. அதாவது வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் மேலே, ஃபிரீசரில், எலிப் பொட்டலம் இருபது வருடத்துக்கு இருக்க வேண்டும். இதற்கு அம்மா ஒப்புக்கொள்வாரா என்ற எளிய கேள்வியே பாதிப் பேரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

நோய் வந்தால் எந்த வாசல்?

சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாட்டின் பழமையான கல்லூரிகளில் ஒன்று. மாவட்டம்தோறும் அரசுக் கால்நடை மருத்துவமனைகள் உண்டு. இந்த அமைப்பு மாடு, ஆடு, கோழி, நாய்க்காக உருவானது. பாம்புக்கு மயக்க மருந்து கொடுக்கவும், கிளிக்கு ரத்தம் எடுக்கவும், நூறு கிராம் எடையுள்ள பிராணிக்கு மருந்தளவு கணக்கிடவும் தனிப் பயிற்சி வேண்டும். அது பெற்றவர்கள் பெருநகரங்களில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். திருவாரூரிலோ தேனியிலோ இருப்பவர், மூச்சுத் திணறும் இக்வானாவை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு பஸ் ஏற வேண்டியதுதான்.

இன்னொன்று, இரையாகும் விலங்குகள் நோயைக் காட்டிக்கொள்வதில்லை. காட்டில் சோர்ந்து நிற்பது தெரிந்தால் அடுத்த நிமிடம் உயிர் இருக்காது என்பதால் கடைசிவரை நன்றாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். தீனியை ஒதுக்கியபிறகு மருத்துவரிடம் தூக்கிச் சென்றால், பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

அதன் நோய் நமக்கும் வரும். ஊர்வன பலவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கும். அது அவற்றை ஒன்றும் செய்யாது, நம் வீட்டுக் குழந்தையை மருத்துவமனையில் கிடத்திவிடும். குட்டி ஆமைகளைக் குழந்தைகள் கையில் வைத்து விளையாடி நோய்வாய்ப்பட்டதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க 1975-லேயே அமெரிக்கா தடை விதித்தது. 2003-ல் அதே நாட்டில் குரங்கம்மை பரவியது. கானாவிலிருந்து வளர்ப்புக்காக இறக்குமதி செய்த எலி வகைகளை, பிரெய்ரி நாய் எனப்படும் கொறிவிலங்குகளோடு ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். அவற்றை வாங்கியவர்கள், தொட்டவர்கள் என 47 பேர் பாதிக்கப்பட்டனர். கிளி வகைகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று வரும். வாங்கிய கடையில் இதையெல்லாம் யாராவது சொன்னார்களா?

சட்டம் எங்கே நிற்கிறது?

இங்கே இரண்டு தனித்தனி விதிகள் உண்டு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது நம் மண்ணின் விலங்குகள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை, உடும்பு, குரங்கு, தேவாங்கு போன்றவற்றை வீட்டில் வளர்க்கவே கூடாது. பாசமாக வளர்த்தாலும், அடிபட்டுக் கிடந்ததை எடுத்து வந்தாலும், வனத் துறையிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். கிளி விஷயத்தில் இதை நம் ஊரில் யாரும் நம்புவதே இல்லை. ஆண்டாள் கையில் கிளி, மீனாட்சி கையில் கிளி, ஜோசியர் பெட்டியில் கிளி என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளி நாள்தோறும் புதிதாக இலைகளால் கட்டப்படுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2023 பிப்ரவரியில் பெரிய பச்சைக்கிளிகள் இரண்டை வீட்டில் வளர்த்த திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவருக்கு வனத் துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. நட்சத்திர ஆமை இப்போது அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. 'வீட்டுக்கு ராசி' என்று சொல்லி விற்பவர் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது அயல்நாட்டு விலங்குகள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் இந்தியா 1976-ல் சேர்ந்தது. ஆனால் எல்லைக்குள் வந்துவிட்ட விலங்கை வைத்திருப்பவரைக் கேள்வி கேட்க உள்நாட்டுச் சட்டம் நீண்ட காலம் இல்லை. 2020-ல் மத்திய அரசு ஒரு சலுகை அறிவித்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் தாமாக முன்வந்து அறிவிப்பவர்களிடம், விலங்கு எப்படி வந்தது என்பதற்கு ஆவணம் கேட்கப்படாது என்றது. கடத்தி வந்ததும் கணக்கில் ஏறியது. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் நிலைமையை மாற்றியது. அதன்படி 2024 பிப்ரவரியில் வந்த விதிகள், சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குட்டி ஈன்றாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

எனவே மக்காவோ பால் பைத்தானோ விற்கப்படும்போது விற்பவர் பெயரில் பதிவு இருக்க வேண்டும். வாங்கியபின் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். பழைய ஸ்கூட்டர் வாங்கினால் ஆர்.சி. புத்தகம் எங்கே என்று முதலில் கேட்கிறோம். உயிருள்ள விலங்குக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. 'பேப்பர் எல்லாம் பின்னாடி அனுப்புறோம்' என்று யாராவது சொன்னால், அந்த விலங்கு எந்தப் பெட்டியில் வந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பிடிபட்டால் சங்கடம் உங்களுக்கு மட்டுமல்ல. விமான நிலையத்தில் சிக்குபவை பெரும்பாலும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. மூச்சுமுட்ட வந்த பயணத்தை அவை மறுபடியும் கடக்க வேண்டும்.

நம் வீடுகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி வளர்க்கும் பட்ஜெரிகர், காக்கட்டீல் போன்றவை இந்தப் பட்டியலில் இல்லை, பதிவும் தேவையில்லை. ஆனால் சோளப் பாம்பும் சுகர் கிளைடரும்கூட இந்தப் பட்டியலில் இல்லை. சைட்டீஸ் பார்ப்பது, ஓர் இனம் வணிகத்தால் அழிகிறதா என்பதை மட்டுமே. அந்த விலங்கு ஒரு ஃபிளாட்டில் நலமாக வாழ முடியுமா, தப்பித்தால் நம் ஏரியை என்ன செய்யும் என்பதெல்லாம் அதன் வேலையல்ல. நம் சட்டம் அந்தப் பட்டியலையே அப்படியே கடன் வாங்கியிருக்கிறது. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

குளத்தில் விட்டால் புண்ணியமா?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொடங்கி சிறு நகரங்களின் அக்வாரியம் கடைகள் வரை, நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக் குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணம், நடுவே பிளாஸ்டிக் தென்னை மரம், இரண்டு விரற்கடைத் தண்ணீர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த சிவப்புக்காது ஆமை இது. சில ஆண்டுகளில் சாப்பாட்டுத் தட்டளவு வளரும். தண்ணீர் நாறும், கிண்ணம் போதாது. கொல்ல மனம் வராது. கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வீடு திரும்புவார்கள்.

உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. உள்ளூர் ஆமைகளின் தீனியையும், வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். கேரளத்தில் நீர்நிலைகளில் இது பரவுவதைக் கண்டு, வளர்ப்பவர்களிடமிருந்து திரும்பப் பெறும் முயற்சியைக் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்க வேண்டியிருந்தது. தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று விற்ற தென் அமெரிக்க 'டேங்க் கிளீனர்' மீன், இன்று நம் ஏரி மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அதை யாரும் தின்பதில்லை, விலையும் இல்லை.

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் நடந்தது இதன் உச்சம். வளர்க்க முடியாமல் விடப்பட்டும் தப்பித்தும் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகின. 2012-ல் வெளியான ஆய்வின்படி, பாம்புகள் நீண்ட காலமாக இருக்கும் பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. அந்த ஆண்டுதான் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தது. கொலம்பியாவில் போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபார் தன் பண்ணைக்குக் கொண்டுவந்த நான்கு நீர்யானைகள் நூற்றுக்கும் அதிகமாகப் பெருகி, இன்று அந்த நாட்டு அரசையே திணறடிக்கின்றன.

குளிர் நாடுகளில் தப்பிய ஊர்வனவற்றில் பலவற்றைப் பனிக்காலம் கொன்றுவிடும். ஃபுளோரிடாவிலேயே கடுங்குளிர் நாள்களில் இக்வானாக்கள் விறைத்து மரத்திலிருந்து விழும் செய்தி வரும். நமக்கு அந்தக் காவல் இல்லை. தமிழ்நாட்டின் வெப்பம் இக்வானாவுக்கும் ஆமைக்கும் அவற்றின் சொந்த ஊர்போலவே இருக்கும். விட்டுவிட்டால் சாவதற்கு அல்ல, பெருகுவதற்கே வாய்ப்பு அதிகம்.

தடைப்பட்டியல் போதாது

இத்தனை கேள்விகளையும் ஒரு தனிமனிதர் கேட்டுத் தெளிந்து, ஆசையை அடக்கி, வாங்காமல் திரும்புவார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். ஒவ்வொரு விலங்காகத் தடைசெய்வதும் பயன் தரவில்லை. சிவப்புக்காது ஆமையின் இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் தடைசெய்தது. வியாபாரிகள் அதே இனத்தின் மஞ்சள் வயிற்று வகைக்கு மாறினார்கள். முழு இனத்துக்கும் தடை வருவதற்கு 2016 ஆயிற்று. சட்டம் ஒரு பெயரைச் சேர்ப்பதற்குள் சந்தை அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது.

இதைத் தலைகீழாகச் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. எவற்றை வளர்க்கக் கூடாது என்று பட்டியல் போடாமல், எவற்றை வளர்க்கலாம் என்று மட்டும் பட்டியல் போடுவது. அதில் இல்லாதது எதுவும் வளர்ப்புக்கு அல்ல. பெல்ஜியம் 2009-ல் 42 பாலூட்டிகளைக் கொண்ட அனுமதிப் பட்டியலை நடைமுறைப்படுத்தியது. நெதர்லாந்தில் 30 பாலூட்டிகளைக் கொண்ட பட்டியல் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊர்வன வளர்ப்பை முழுவதுமாகத் தடைசெய்திருந்த நார்வே, 2017-ல் 19 இனங்களை மட்டும் அனுமதித்தது. இத்தகைய முறையில் ஓர் இனம் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால், அது கூண்டில் நலமாக வாழும், மனிதருக்கு ஆபத்தில்லை, தப்பித்தாலும் சூழலைக் கெடுக்காது என்று காட்டியாக வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு விற்க விரும்புபவருடையது.

இதற்கு எதிர்ப்பு வரும். பொறுப்போடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். வெப்பமானி, ஈரமானி வைத்து, ஒவ்வொரு வாரமும் எடை குறித்து, மருத்துவரையே நண்பராக்கிக்கொண்டவர்கள் அவர்கள். இன்று சந்தையைக் கெடுப்பவர்கள் அவர்கள் அல்லர். கடத்தல் சரக்கோடு போட்டிபோட முடியாமல் சட்டப்படி இனவிருத்தி செய்பவர்களே நசுங்குகிறார்கள். தெளிவான பட்டியல் அவர்களுக்குத்தான் முதல் பாதுகாப்பு. தடை போட்டால் வியாபாரம் தலைமறைவாகும் என்பார்கள். அது இப்போதே பாதி தலைமறைவில்தான் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை ரீல்ஸில் காட்ட முடியாது என்றாலே அதன் கவர்ச்சியில் பாதி போய்விடும். காட்ட முடியாத பிராணியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

புதிதாகச் சட்டம் இயற்றவும் வேண்டியதில்லை. 2022 திருத்தம், அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. 2018-ன் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி ஒவ்வொரு கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் இணைத்தாலே தொடங்கிவிடலாம். பதிவெண் இல்லாத கடை விற்கக் கூடாது. இணையத்தில் விளம்பரம் செய்பவர் பதிவெண்ணைக் குறிப்பிட வேண்டும். விலங்கின் முழு வளர்ச்சி அளவு, ஆயுள், தீனி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கூண்டின் மேலும் ஒட்ட வேண்டும். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பயமின்றி ஒப்படைக்க மாவட்டத்துக்கு ஓர் இடமாவது வேண்டும். வண்டலூர் பூங்கா எல்லார் வீட்டு ஆமைக்கும் இடம் தர முடியாது. ஒப்படைக்க வழியில்லை என்றால் ஏரிதான் வழி என்று ஆகிவிடும்.

அது நடக்கும்வரை வாங்க நினைப்பவர் செய்யக்கூடியது இது. முன்பணம் அனுப்பும் முன் நான்கு பதில்களைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். இதன் பதிவுச் சான்று எங்கே, இது எத்தனை ஆண்டு வாழும், இதைப் பார்க்கும் மருத்துவர் நம் ஊரில் யார், என்னால் முடியாமல் போனால் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? நான்கில் ஒன்றுக்குக்கூட அவர் மழுப்பினால், அந்த விலங்கு அவர் விற்கக்கூடியதும் அல்ல, நீங்கள் வாங்கக்கூடியதும் அல்ல.